மாமியார் படுக்கைல, பொண்ணு நிறைமாசம், வீட்டையும் காலி பண்ணணும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 48 வயசு. ஆதம்பாக்கத்துல இருக்கோம். எங்க ஆரம்பிக்கறதுனே தெரியல, அதனால நடந்த வரிசைலயே எழுதறேன். போன பொங்கல் முடிஞ்சு என் மாமனார் தவறிட்டாரு. ஐ.சி.எஃப்.ல, அதான் ரயில் பெட்டி தொழிற்சாலைல, வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, அவர் இருந்த வரைக்கும் பேங்க், ஈ.பி. பில்லு, வரி எல்லாமே அவர் தான் பாத்துப்பாரு, எங்களுக்கு எந்த பேப்பர் எங்க இருக்குனு கூட தெரியாது. அதுக்கப்புறம் என் வீட்டுக்காரருக்கு வேலை போச்சு, 22 வருஷம் பாத்த கம்பெனி, ஒரு யூனிட்டை மூடிட்டு செட்டில்மெண்ட் குடுத்து அனுப்பிட்டாங்க. ஆகஸ்ட்ல பையன் கோயம்புத்தூர் காலேஜ் ஹாஸ்டலுக்கு போயிட்டான். அவன் ரூமை பாத்தாலே எனக்கு அழுகை வரும், ஆனா அழ கூட நேரம் கிடைக்கல, ஏன்னா ஆயுத பூஜை முடிஞ்ச வாரத்துல அத்தைக்கு ஸ்ட்ரோக் வந்துடுச்சு. வலது கை காலு வரல, பேச்சும் வரல, ஒண்ணு ரெண்டு வார்த்தை தான். நாம பேசறது புரியுது. டயபர் மாத்தறது, மாத்திரை, சாப்பாடு, பிசியோதெரபி எல்லாம் நான் தான். நான் மாத்தினா கையை தட்டி விடறாங்க, நாத்தனார் வீடியோ கால்ல வந்தா மட்டும் அழறாங்க.

இப்போ என் பொண்ணுக்கு எட்டாவது மாசம். சோழிங்கநல்லூர்ல இருக்கா, தலைப்பிரசவம், மாசில தேதி சொல்லியிருக்காங்க. வளைகாப்பு முடிச்சு இங்க தான் கூட்டிட்டு வரணும். இதுக்கு நடுவுல எங்க அபார்ட்மெண்ட்டை பில்டர் கிட்ட குடுத்து இடிச்சு கட்டப் போறாங்க, மொத்தம் 12 வீடு, மத்தவங்க எல்லாம் ஒத்துக்கிட்டாங்க, தை கடைசிக்குள்ள காலி பண்ண சொல்றாங்க. வீடு இன்னும் மாமா பேர்ல தான் இருக்கு. கொழுந்தனார் பெங்களூர்ல, நாத்தனார் சேலையூர்ல. ரெண்டு பேரும் "அண்ணி நீங்க இருக்கீங்கன்ற தைரியத்துல தான் நாங்க இருக்கோம்"னு சொல்றாங்க. நாத்தனார் "ஹோம்ல விட்டுடலாமே"னும் சொல்றாங்க, ஆனா இந்த ரெண்டரை மாசத்துல ஒரு ராத்திரி கூட வந்து தங்கல.

அத்தைக்கு குடும்ப பென்ஷன் வருது, அதை எடுத்து செலவு பண்ண சங்கடமா இருக்கு, நாளைக்கு யாராவது கேட்டா? எனக்கு ரெண்டு மாசமா பீரியட்ஸ் வந்தா நிக்கறதே இல்ல, அது வயசுக்கு தான்னு விட்டுட்டேன். சந்தோஷமா பேரப்பிள்ளையை எதிர்பாக்க வேண்டிய நேரத்துல எனக்கு எரிச்சலா தான் வருது, நான் நல்ல அம்மா இல்லையோனு தோணுது. சில நாள் ராத்திரி படுக்கறப்போ காலைல எழுந்திருக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு சும்மா ஒரு நினைப்பு வருது. எதை முதல்ல பாக்கணும்னு மட்டும் சொல்லுங்க. (பெயர் வேண்டாம், ஆதம்பாக்கம்)

பதில்: நீங்க கடைசில எழுதினதுக்கு தான் முதல்ல பதில் சொல்லப் போறேன் மா. எழுந்திருக்காமலே போயிட்டா நல்லாருக்கும்ன்ற நினைப்பை சும்மானு எழுதி தாண்டி போயிட்டீங்க, என்னால அப்படி தாண்டி போக முடியல. இன்னைக்கே உங்க வீட்டுக்காரர் கிட்ட இந்த வரியை அப்படியே சொல்லுங்க, சுத்தி வளைக்காம. வாய்ல வரலைனா இந்த பக்கத்தை அவர் கைல குடுங்க. அப்புறம் 14416, இது டெலி மானஸ், அரசு நடத்தறது, காசு கிடையாது, ராத்திரி 2 மணிக்கும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். நம்ம சென்னைலயே சினேகா அமைப்பு 1986ல இருந்து இருக்கு, 044-24640050. பைத்தியம் பிடிச்சவங்க தான் இதுக்கெல்லாம் போன் பண்ணுவாங்கனு நினைக்காதீங்க, உங்களை மாதிரி ஓய்ஞ்சு போனவங்க தான் நிறைய பேர் பேசறாங்க. நினைப்பு இன்னும் பலமா வந்தாலோ, எப்படினு யோசிக்க ஆரம்பிச்சாலோ, தனியா இருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி போங்க.

ரெண்டாவது அந்த பீரியட்ஸ் விஷயம். 48 வயசுல முன்ன பின்ன ஆகறது சகஜம் தான், ஆனா நிக்காம போறது வயசு கோளாறுனு விடற விஷயம் இல்ல. இந்த வாரமே ஒரு மகப்பேறு டாக்டரை பாருங்க, ஸ்கேன், ஹீமோகுளோபின், தைராய்டு மூணும் பாக்க சொல்லுவாங்க. உங்களுக்கு ரத்தம் குறைஞ்சிருந்தா இந்த எரிச்சல், படபடப்பு, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கறது இதுல பாதி அதனால கூட இருக்கலாம். அத்தைக்கு பி.பி. மாத்திரை ஒரு வேளை தவறக்கூடாதுனு பாத்துக்கறீங்க இல்ல, உங்க உடம்பையும் அதே கணக்குல பாருங்க.

பேரப்பிள்ளை வர்ற நேரத்துல எரிச்சல் வருதேனு வருத்தப்பட்டிருந்தீங்க. 1967ல அமெரிக்காவுல தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹேனு ரெண்டு மனநல மருத்துவர்கள் மனுஷனை அலைக்கழிக்கற 43 விஷயத்தை பட்டியல் போட்டு ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க் குடுத்தாங்க, வாழ்க்கைத்துணை சாவுக்கு 100. நெருங்கின உறவோட சாவு 63, வீட்ல ஒருத்தர் உடம்பு கெடறது 44, வீட்டுக்கு புது உயிர் வர்றது 39, புள்ள வீட்டை விட்டு வெளியூர் போறது 29, வீடு மாறறது 20. இதுல நல்லது கெட்டதுனு பிரிக்கவே இல்ல பாருங்க, குழந்தை பொறக்கறதும் லிஸ்ட்ல இருக்கு, கல்யாணத்துக்கு கூட 50 மார்க் இருக்கு. உங்களோடதை கூட்டினா 195 வருது, பண நிலைமை மாறினதுக்கு 38 சேத்தா 233. 150ஐ தாண்டினாலே உடம்பு படுத்த வாய்ப்பு கூடும்னு அவங்க சொன்னாங்க. இந்த மார்க்கு துல்லியமான அளவு இல்ல, ஆனா எது எது சேந்து உங்களை அழுத்துதுனு காட்டும். சந்தோஷமான விஷயத்துக்கும் உடம்பு உழைக்கணும், அந்த தெம்பு இப்போ உங்க கிட்ட இல்ல, அவ்ளோ தான். நீங்க நல்ல அம்மா தான்.

எதை முதல்ல பாக்கணும்னு கேட்டீங்க. எனக்கு பட்டதை நேரா சொல்றேன், உங்க வீட்ல பிரச்சனை ஆறு ஏழு பேரோடது, அதை செய்யற கை மட்டும் ரெண்டே ரெண்டு. நீங்க வரிசைப்படுத்தி செஞ்சாலும் ரெண்டு கைக்கு இது முடியாது, அதனால எதை முதல்லன்றதை விட எதை யார் கிட்ட முழுசா குடுக்கறதுனு தான் பாக்கணும். முழுசானா, "பிசியோ வர்றாரு கொஞ்சம் பாத்துக்கோங்க"னு ஒரு மணி நேரத்துக்கு குடுக்கறது இல்ல. பிசியோக்கு போன் பண்றது, பணம் குடுக்கறது, எக்சர்சைஸ் கத்துக்கறது, அவர் வரலைனா வேற ஆள் பாக்கறது, எல்லாம் சேத்து அந்த ஆளோட தலைல இருக்கணும். ஞாபகம் வெச்சுக்கற வேலையும் நீங்களே பண்ணா அது குடுத்த மாதிரியே ஆகாது.

அதுக்கு ஒரு சந்தர்ப்பம் தானா வருது. வீடு மாமா பேர்ல இருக்குனு எழுதியிருந்தீங்க. அவர் உயில் எழுதலைனா இந்து வாரிசு சட்டப்படி அத்தை, உங்க வீட்டுக்காரர், கொழுந்தனார், நாத்தனார் நாலு பேருக்கும் சம பங்கு, நாலு பேரும் கையெழுத்து போடாம பில்டர் அக்ரிமெண்ட் நகராது. இறப்பு சர்டிபிகேட்டை மாநகராட்சி வெப்சைட்லயே இலவசமா டவுன்லோட் பண்ணிக்கலாம், அதை வெச்சு ஈ-சேவை மையத்துல வாரிசு சான்றிதழுக்கு போடணும், விசாரணை முடிஞ்சு தாசில்தார் ஆபீஸ்ல இருந்து வரும். இது பூரா கொழுந்தனார் வேலைனு விட்டுடுங்க, பெங்களூர்ல இருந்துக்கிட்டே பாதி முடிக்கலாம், மீதிக்கு ஒரு நாள் வரட்டும். அத்தைக்கு கையெழுத்து வராட்டி இடது கட்டை விரல் ரேகை போதும், உடம்பு முடியாதவங்களுக்கு சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு பண்ண பதிவுச் சட்டத்துலயே இடம் இருக்கு. ஆனா அத்தைக்கு புரியுதுனு நீங்களே சொல்றீங்க, அதனால என்ன பத்திரம், அவங்க பங்கு என்னனு பக்கத்துல உக்காந்து அவங்களுக்கு சொல்லிட்டு அப்புறம் தான் ரேகை வாங்கணும், இதுல அவசரப்படவே கூடாது.

பிள்ளைங்க மூணு பேரும் ஒண்ணா உக்காரப் போற அந்த நாள்ல தான் அத்தையை பத்தியும் பேசணும், பேச வேண்டியது நீங்க இல்ல, உங்க வீட்டுக்காரர். அவங்க அம்மா அது. "அண்ணி இருக்கற தைரியம்"னு சொன்னதுக்கு பதிலா மாசத்துல எந்தெந்த நாள் நாத்தனார் வந்து தங்கறாங்க, அட்டெண்டர் சம்பளத்துல கொழுந்தனார் எவ்ளோ தர்றாருனு தேதியும் தொகையும் பேசி ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடட்டும். பங்கு கையெழுத்தையும் இதையும் முடிச்சு போட்டு மிரட்ட மட்டும் வேணாம், அந்த கசப்பு அத்தை காலம் முடிஞ்சும் போகாது.

குடும்ப பென்ஷன் அத்தையோட பணம், அத்தைக்கு செலவு பண்றதுல என்ன சங்கடம். ஒரு நோட்டு போட்டு டயபர், அட்டெண்டர், மருந்து பில்லை ஒட்டி வைங்க, யார் கேட்டாலும் நோட்டை காட்டலாம். பேங்க்குக்கு வர முடியாதவங்களுக்கு ரேகை வெச்சு ரெண்டு சாட்சியோட பணம் எடுக்க வழி இருக்கு, மேனேஜர் கிட்ட எழுதிக் குடுங்க. வருஷா வருஷம் நவம்பர்ல உயிர் சான்று தரணும் இல்லையா, அதுக்கு அவங்களை தூக்கிட்டு போக வேணாம், போன்ல முகத்தை காட்டியே பண்ற ஆப் இருக்கு, இல்லைனா போஸ்ட்மேன் வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க்கு முடிச்சு தருவாரு. மாமா ரயில்வே ஆளா இருந்ததால ரிட்டயர் ஆனப்போ மருத்துவ கார்டு எடுத்திருப்பாரு, அந்த பேப்பர் கட்டுல தேடுங்க, அது இருந்தா அத்தைக்கு பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரில வைத்தியம் கிடைக்கும். இந்த பேங்க், பென்ஷன், ரயில்வே மூணும் உங்க வீட்டுக்காரரோடது.

அவரை பத்தி ரெண்டு வரி தான் எழுதியிருந்தீங்க. ஒரே வருஷத்துல அப்பாவும் போய் வேலையும் போய் அம்மாவும் விழுந்துட்டா அந்த மனுஷனும் உள்ள உடைஞ்சு தான் இருப்பாரு, அதுக்காக சும்மா விடவும் வேணாம். ராத்திரி டியூட்டியை அவர் கிட்ட குடுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அத்தையை திருப்பி படுக்க வைக்கலைனா படுக்கை புண் வந்துடும், அலாரம் வெச்சு அவர் திருப்பட்டும், நீங்க வேற ரூம்ல கதவை சாத்திட்டு தூங்குங்க. அம்மாவை குளிப்பாட்டறது, டயபர் மாத்தறது மகனுக்கு கூச்சமா இருக்கலாம், அத்தைக்கும் இருக்கும், அதுக்கு பகல்ல ஒரு லேடி அட்டெண்டர் போடுங்க. ஊட்டறப்போ நல்லா நிமித்தி உக்கார வெச்சு, முடிஞ்சும் அரை மணி நேரம் படுக்க வைக்காதீங்க, புரை ஏறி நுரையீரல்ல போனா நிமோனியா ஆயிடும்.

அத்தை கையை தட்டி விடறது உங்க மேல இருக்கற வெறுப்பு இல்ல. நேத்து வரைக்கும் சமையல் கட்டை ஆண்டவங்க, இன்னைக்கு தண்ணி வேணும்னு கூட சொல்ல வரல, அந்த அவமானம் பக்கத்துல இருக்கறவங்க மேல தான் பாயும். ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு மனச்சோர்வு வரும், நரம்பு டாக்டர் கிட்ட சொன்னா அதுக்கும் மருந்து தருவாரு. பேச்சு பயிற்சியும் கேளுங்க. முதல் மூணு மாசத்துல தான் கை கால் வேகமா திரும்பும், அதனால ஷிஃப்டிங்னு சொல்லி பிசியோவை நிறுத்திடாதீங்க. மக்களைத் தேடி மருத்துவம்னு அரசு திட்டம் 2021ல இருந்து இருக்கு, பக்கத்து நகர்ப்புற சுகாதார நிலையத்துல பதிஞ்சு வெச்சா பி.பி. சுகர் மாத்திரையும் பிசியோவும் வீட்டுக்கே வரும்.

வாடகை வீடு பாக்கறப்போ ஒண்ணு கவனிங்க. எல்லாரும் படுக்கைல இருக்கறவங்களுக்கு தரைத்தளம் பாருனு தான் சொல்லுவாங்க, ஆனா வேளச்சேரி, மடிப்பாக்கம், ஆதம்பாக்கம் பக்கம் 2015லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் தண்ணி எப்படி நின்னுச்சுனு உங்களுக்கே தெரியும், கட்டில்ல இருக்கற ஒருத்தரை முழங்கால் தண்ணில தூக்கிட்டு போற நிலைமை வேணாம். லிஃப்ட்டும் ஜெனரேட்டரும் இருக்கற முதல் மாடி பாருங்க, படுக்கை புண் வராம இருக்க போடற ஏர் பெட்டுக்கும் கரண்ட் வேணும். டேப் எடுத்துட்டு போய் பாத்ரூம் கதவை அளந்துட்டு தான் அட்வான்ஸ் குடுக்கணும், வீல் சேர் 2 அடிக்கு மேல அகலம் இருக்கும், நிறைய வீட்ல உள்ள நுழையவே நுழையாது. பில்டர் வாடகையும் ஷிஃப்டிங் செலவும் தர்றது நம்ம ஊர் வழக்கம், அது எத்தனை மாசத்துக்கு, வேலை இழுத்தா என்னனு அக்ரிமெண்ட்ல இருக்கணும். அசோசியேஷன் செக்ரட்டரி கிட்ட உங்க வீட்டுக்கு மட்டும் சித்திரை வரைக்கும் டைம் கேட்டு லெட்டர் குடுங்க. படுக்கைல ஆள் இருக்கு, பிரசவம் இருக்குனு சொன்னா மனசு இளகாதவங்க குறைவு, வாரிசு பேப்பர் முடியாம அவங்களாலயும் ஆரம்பிக்க முடியாது.

பொண்ணு விஷயத்துல தான் நீங்க என் மேல கோவப்படுவீங்க. தலைப்பிரசவம் அம்மா வீட்லன்றது நம்ம வழக்கம், நான் அதை மதிக்கறேன், ஆனா அந்த வழக்கம் வந்ததே அந்த பொண்ணு நிம்மதியா படுத்து எந்திரிக்கணும்னு தான். அட்டை பெட்டியும் கமோட் சேரும் நடுவுல பச்சை உடம்புக்காரிக்கு என்ன நிம்மதி கிடைக்கும். வளைகாப்பை வீட்டளவுல முடிங்க, முதல் ஆறு வாரம் சோழிங்கநல்லூர்லயே இருக்கட்டும், சம்பந்தி அம்மாவை வர சொல்லுங்க, நீங்க வாரத்துல ரெண்டு நாள் போய் எண்ணெய் தேச்சு குளிப்பாட்டி பத்திய குழம்பு வெச்சு குடுத்துட்டு ராத்திரி அங்கயே தங்கிட்டு வாங்க, அந்த ரெண்டு நாள் தான் நாத்தனார் இங்க வரணும். வேலைக்கு போற பொண்ணுனா 2017 சட்ட திருத்தத்துக்கு அப்புறம் 26 வாரம் சம்பளத்தோட லீவு இருக்கு, வீடு செட் ஆனதும் அவளும் குழந்தையும் மூணு மாசம் உங்க கூட வந்து இருக்கலாம். இதை நீங்களே முடிவு பண்ணாம பொண்ணு கிட்ட பேசுங்க, அம்மா படற பாட்டை பாத்து எப்படி சொல்றதுனு அவளே முழிச்சிட்டு இருக்கலாம்.

ஹோம்ல விடறது பாவம்னு நான் சொல்ல மாட்டேன். ஷிஃப்டிங் நடக்கற ரெண்டு வாரத்துக்கு மட்டும் பிசியோ வசதி இருக்கற நல்ல இடமா பாத்து சேக்கறதை யோசிங்க, நேர்ல போய் சாப்பாட்டு நேரத்துல பாருங்க, முன்னாடியே சொல்லாம போங்க. அந்த இடத்தை தேடறது, பாக்கறது, ஃபீஸ் பேசறது, யோசனை சொன்ன நாத்தனாரே பண்ணட்டும். பையன் செமஸ்டர் லீவுக்கு வர்றப்போ ஷிஃப்டிங் தேதி வெச்சா பரண் காலி பண்றது, பீரோ தூக்கறது அவனோடது, பாட்டி கூட உக்காரவும் அவனுக்கு நேரம் கிடைக்கும்.

டாக்டர் அப்பாயின்ட்மெண்ட் போட்டதும் எனக்கு ஒரு வரி எழுதுங்க மா.

கேள்வி: நான் ஓ.எம்.ஆர்.ல ஐ.டி. வேலை, ஒரே பையன். அப்பாவுக்கு 72, மயிலாப்பூர்ல அம்மா கூட இருக்காரு. ஆறு மாசமா ஞாபக மறதி, ஒரு தடவை மார்க்கெட் போனவர் வழி தெரியாம லஸ் பக்கம் நின்னுட்டு இருந்தாரு. அம்மா யாரையும் வேலைக்கு வைக்க விடல, "எனக்கு ஒண்ணும் இல்ல நீ போய் வா"ன்றாங்க. ரெண்டாவது குழந்தை பொறந்து நாலு மாசம். இப்போ ரெண்டு வருஷம் வெளிநாட்டுல வேலை பாக்கற ஆன்சைட் வந்திருக்கு, லோனை அடைக்க உதவும். போறது தப்பா?

பதில்: தப்பு இல்ல, ஆனா இப்போ போகாதீங்கனு தான் சொல்வேன், ஆறு மாசம் தள்ளி கேளுங்க தம்பி. ஏன்னா அப்பாவுக்கு என்னனு இன்னும் யாரும் பாக்கலைனு தோணுது. வைட்டமின் பி12 குறைஞ்சாலும், தைராய்டு இருந்தாலும், மனச்சோர்வு இருந்தாலும் மறதி வரும், அது சரி பண்ணக்கூடியது. கிண்டில 200 படுக்கையோட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024ல திறந்திருக்காங்க, அங்க காட்டலாம். டிமென்ஷியா, அதாவது மறதி நோய்னு ஆனா அண்ணா நகர்ல ஸ்கார்ஃப்ன்ற மனநல அமைப்புல அதுக்குனே ஆளுங்க இருக்காங்க, குடும்பத்துக்கும் எப்படி பாத்துக்கறதுனு சொல்லித் தருவாங்க.

நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு, பேப்பர். அப்பா தெளிவா இருக்கறப்போவே உயில், பேங்க்ல ஜாயிண்ட் கணக்கு, நாமினி எல்லாம் அவர் விருப்பப்படி முடிச்சுடுங்க. பவர் ஆஃப் அட்டர்னி வாங்கிட்டா போதும்னு நினைக்காதீங்க, எழுதிக் குடுத்தவருக்கு புரிஞ்சு முடிவெடுக்கற தெளிவு போயிட்டா நம்ம நாட்டு சட்டத்துல அது செல்லாம போயிடும், அப்புறம் கோர்ட்டு வாசல் தான். அவர் சட்டை பையில எப்பவும் பேரும் உங்க நம்பரும் எழுதின கார்டு இருக்கணும்.

அம்மா "ஒண்ணும் இல்ல"னு சொல்றதை நம்பி பிளைட் ஏறாதீங்க. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் ஞாயிறு வரைக்கும் அங்கயே தங்கி ராத்திரி அப்பா எத்தனை தடவை எழுந்திருக்காருனு நீங்களே பாருங்க. வேலைக்கு ஆள்னா வேணாம்னுவாங்க, மேல் வேலைக்கும் காய் நறுக்கவும் ஒருத்தர்னு ஆரம்பிங்க, அப்பாவுக்கு அவங்க பழகட்டும். முதியோர் உதவி எண் 14567, நீங்க இல்லாதப்போ பகல்ல உதவி, தகவல் கேக்க அம்மா போன்ல இப்பவே சேவ் பண்ணி வைங்க, அவசரத்துக்கு 108. லோன் இருக்குனா ரெண்டு வருஷத்துக்கு பதிலா ஒரு வருஷமோ, ஆறு மாசமோ குறைச்சு தருவாங்களானு மேனேஜர் கிட்ட கேட்டுப் பாருங்க, போறப்போ உங்க மனைவி நாலு மாச குழந்தையோட மயிலாப்பூர் வீட்டையும் சேத்து பாத்துப்பாங்கனு கணக்கு போடாதீங்க, அவங்க கிட்ட தனியா கேட்டு அவங்க என்ன சொல்றாங்கனு எனக்கு எழுதுங்க.